ஒரு மணி நேர வேலை

என் வீட்டுக்காரர் இளவழகனிடம் எந்த வேலையைச் சொன்னாலும் "ஒரு மணி நேரம்" என்பார். குழாய்க்கு வாஷர் மாற்ற ஒரு மணி நேரம். கேஸ் சிலிண்டர் எடுத்து வர ஒரு மணி நேரம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கும், "ஒரு மணி நேரத்துல கெளம்பிடுவோங்க" என்று என் அப்பாவிடம் சொல்லிவிட்டு, எங்கள் விழுப்புரம் வீட்டில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டு, அப்பாவின் கட்டிலிலேயே படுத்து ஒரு தூக்கம் போட்டு, சாயங்காலம் காப்பியும் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார். அன்றைக்கே நான் சுதாரித்திருக்க வேண்டும். ஆள் களையாக இருக்கிறாரே என்று தலையை ஆட்டிவிட்டேன்.

தூக்கத்தைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் வேலை அப்படி. மரக்காணம் பக்கத்தில் கடலோரக் குப்பம் அவர்களுடையது. மாமனாரும் கொழுந்தனும் கடலுக்குப் போகிறார்கள். இவர் அந்த மீனையும் அக்கம்பக்கத்தார் மீனையும் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஊர் கண் விழிப்பதற்கு முன்னால் திண்டிவனம் வந்துவிடுவார். வியாபாரம் முடித்து, வண்டியைக் கழுவி, குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால், தலைமாட்டில் சரவெடி வெடித்தாலும் எழமாட்டார். நான் திண்டிவனத்திலேயே ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிறேன். அதனால் வாடகை வீடும் அங்கேயே.

நான் ஷட்டில் ஆடுகிறவள். பள்ளிக்கூடத்திலிருந்து ஆடுகிறேன். விழுப்புரத்தில் கணக்கு டீச்சராக இருக்கும் தமிழ்ச்செல்வி அக்காவும் நானும் இரட்டையர் ஜோடி. எங்கள் மேட்ச் எல்லாம் மத்தியானத்துக்கு மேல்தான் வரும், அதாவது இவர் குறட்டை விடுகிற நேரத்தில். கல்யாணமாகி ஒரு வருசம் ஓடிவிட்டது. மனிதர் ஒரு மேட்ச்சுக்குக்கூட வந்து பார்த்ததில்லை. கேட்டால், "கொசு அடிக்கறத எதுக்கு பஸ் ஏறிப் போயிப் பாக்கணும்? வூட்டுலயே பாக்கறனே" என்பார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது. கோப்பையை அலமாரியில் வைக்கும்போது "பளபளன்னு கீது" என்று சொல்லும் புருசன் எதற்கு? அதை எப்படி வாங்கினேன் என்று பார்க்கிற புருசன் வேண்டும் எனக்கு. ஒரே ஒரு மேட்ச். உட்கார்ந்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. நான் கேட்டது அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் லேப்பிலிருந்து சாப்பிட வந்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் போட்டி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே படீரென்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், ஜன்னல் கம்பியருகே இவர் நிற்கிறார், கையில் என் பேட். வெளியே ஒரு குளவி பரம நிம்மதியாகப் பறந்து போய்க்கொண்டிருந்தது. பேட்டின் நடு நரம்புகள் அறுந்து, சுருண்டு, தலைவிரி கோலமாகத் தொங்கின.

"கொசு பேட்டுன்னு நெனச்சி எடுத்துட்டேன் கலா" என்றார். அரைத் தூக்கத்தில் எழுந்தவரின் முகம்.

"அது நீலம், இது கறுப்பு! அதுல சுவிட்சு இருக்கும், இதுல இருக்கா? கண்ணு எங்க வெச்சிருக்கீங்க?"

"குளவி மூஞ்சிக்கே வந்துச்சி. சுவிட்ச தேடிக்கினா இருக்க முடியும்?"

நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு அம்மா மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு போனை எடுத்தேன். திண்டிவனத்தில் எனக்கு எப்போதும் நரம்பு கட்டித் தருகிறவர் சவுரிராயன். மிஷின் எல்லாம் கிடையாது, இரண்டு ஊசியும் ஒரு கட்டையும்தான். டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார். அவர் குடும்பத்தோடு வேளாங்கண்ணியில் இருந்தார். விழுப்புரம் கடையில் கேட்டால், போட்டி நேரம், பேட் வரிசையில் நிற்கிறது, திங்கட்கிழமை வாங்க என்றார்கள். திங்கட்கிழமை நான் எதை அடிக்க?

"சவுரிராயன் எத்தினி நேரத்துல கட்டுவாரு?" என்று கேட்டார் இவர்.

"ஒரு மணி நேரம்."

"அவ்ளோதானா? நான் கட்றேன் வுடு."

நான் முறைத்தேன்.

"இன்னா மொறைக்கிற? பொறந்ததுலருந்து வலை கட்டிக்கினு இருக்கறவன் நான். ஏக்கர் கணக்குல வலைய ஒக்காந்து சரி பண்ணுவோம். இது ஒரு அப்பளம் சைசு கீது. ஒரு மணி நேர வேல."

தமிழ்ச்செல்வி அக்காவிடம் இன்னொரு பேட் உண்டு. கனமானது, பிடி என் கைக்குச் சேராது, ஆனாலும் ஆபத்துக்கு ஆகும். "வேண்டாம், நான் அக்கா பேட்ல ஆடிக்கறேன்" என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. என் பேட்டை அவர் அப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்தது அன்றைக்குத்தான். ஓட்டைகளை விரலால் தடவினார், நரம்பைச் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டார். எனக்குள் ஒரு நப்பாசை. பேட்டின் மேல் அக்கறை வந்தால், நாளைக்கு ஆட்டத்தின் மேலும் வராதா? அலமாரியில் இருந்த புது நரம்பு பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். எப்படிக் கட்டுவது என்று போனில் ஒரு வீடியோவும் போட்டுக் காட்டினேன். "உம், உம்" என்று பாதி பார்த்தார். "தெரிஞ்சிடுச்சி, நீ போ" என்றார். நான் மறுபடி லேப்புக்குப் போனேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் திரும்பி வந்தால், கூடத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பேட்டின் பிடியைக் கால் கட்டைவிரல்களுக்கு நடுவே இடுக்கியிருக்கிறார். ஓட்டையில் கோணி ஊசியைச் செருகி நரம்பைப் பிடித்து வைத்திருக்கிறார். ஸ்குரூ டிரைவரில் நரம்பைச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கிறார். மத்தியானச் சாப்பாடு தட்டில் அப்படியே மூடியிருந்தது. நெடுக்கு நரம்புகள் எல்லாம் ஏறிவிட்டன. சும்மா சொல்லக் கூடாது, விறைப்பாக, நேராக, அழகாகவே இருந்தன. குறுக்கு நரம்புகளில் கால்வாசிதான் ஆகியிருந்தது.

"ஒரு மணி நேரம்னீங்களே?"

"முடியப்போவுது, பேசாத."

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் எனக்கு விசயம் உறைத்தது. குறுக்கு நரம்பை ஒன்றின் மேலே, அடுத்ததன் கீழே என்று பின்னிக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான். இவர் ஒவ்வொரு நெடுக்கு நரம்பையும் சுற்றி வளைத்து, ஒரு முடிச்சுப் போட்டு, இறுக்கி, அடுத்ததுக்குப் போய், அங்கேயும் ஒரு முடிச்சு. கட்டம் கட்டமாக, கண்ணுக்குக் கண் முடிச்சு. அப்படியே மீன் வலை.

"அய்யோ! இன்னாங்க இது? முடிச்சு போட்டு வெச்சிருக்கீங்க?"

"போடாம?"

"வீடியோல எங்க போட்டான்?"

"அவனுக்குத் தெரியல, அதான் போடல" என்றார், கொஞ்சமும் அசராமல். "நீயே பாரு. மூணு நரம்பு அறுந்துச்சி, மொத்தமும் தொளதொளன்னு போயிடுச்சி. எவன் கண்டுபிடிச்சான் இந்த ஏற்பாட்ட? கண்ணுக்குக் கண்ணு முடிச்சி இருந்தா, ஒன்னு போனாலும் மீதி நிக்கும். சுறா கடிச்சாலும் வல நிக்குதில்ல?"

"விழுப்புரத்துல சுறா எங்கங்க வரும்?"

"குளவி வருதில்ல?" என்றார்.

எல்லாவற்றையும் அவிழ்க்கச் சொல்லலாம் என்று பார்த்தால், அவிழ்க்கிற முடிச்சா அது? கத்தரித்தால் நரம்பு போய்விடும், வேறு பாக்கெட் கிடையாது. தலையில் கை வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். இட்லி ஊற்றிக்கொண்டே நானாகச் சிரித்தேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்த வீட்டுப் பெண்ணுக்குப் புருசன் பூ வாங்கி வருகிறான், சினிமாவுக்குக் கூட்டிப் போகிறான். என் புருசன் சாப்பிடாமல் தூங்காமல் உட்கார்ந்து என் பேட்டுக்கு வலை பின்னுகிறான்.

முடிச்சு நரம்பை அதிகம் தின்னும் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். பாதியிலேயே பாக்கெட் நரம்பு தீர்ந்துவிட்டது. வண்டியிலிருந்து வலைக்குப் போடும் தங்கூசி நரம்பை எடுத்து வந்து தொடர்ந்தார். மேல் பாதி மஞ்சள், கீழ்ப் பாதி கடல் பச்சை. அதோடு படுத்துவிட்டு, வழக்கம்போல் இருட்டோடு எழுந்து மரக்காணம் போய், ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை முடித்து வந்து, குளித்த ஈரம் காயாமல் மறுபடி பேட்டை எடுத்து வைத்துக்கொண்டார். நான் பையை மாட்டிக்கொண்டு நிற்கிறேன். இன்னும் நாலைந்து வரிசை பாக்கி.

"மணி ஆவுதுங்க, ஜல்தி!"

"வேலைய அரையா வுட்டா எனக்குத் தூக்கம் வராது. வா, பஸ்ல போட்டுக்கறேன்."

ஆக, இளவழகன் அவர்கள் என் மேட்ச்சுக்காகப் பஸ் ஏறவில்லை. பாக்கி முடிச்சுக்காக ஏறினார். ஏதோ ஒரு காரணத்துக்கு ஏறினாரே என்று நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

விழுப்புரம் பஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கால் நீட்ட இடம் வேண்டும் என்று இவர் படிக்கட்டுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, பேட்டை மடியில் போட்டு இழுக்க ஆரம்பித்தார். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"இன்னா தம்பி, வடிகட்டியா?" என்று கேட்டார் வேர்க்கடலை மூட்டையோடு நின்ற ஓர் அம்மா.

"பேட்டுங்கம்மா. ஷட்டில் பேட்டு."

"இதுல அடிச்சா பந்து மாட்டிக்கினு நிக்குமே?"

"நிக்கட்டுமே, வெலைக்கு வித்துடலாம்" என்றார் பின்சீட்டுக்காரர். கண்டக்டர் வந்து என்னிடம், "வலைக்கும் ஒரு டிக்கெட்டாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு எடுத்துப் போன ஒரு பெரியவர் மட்டும், நிறுத்தம் வந்ததும் இறங்காமல் நின்று, கடைசி வரிசை ஏறுவதைப் பார்த்து, "கை சுத்தமா இருக்குபா" என்று சொல்லிவிட்டு இறங்கினார். இவர் முகத்தில் ஒரு பெருமை! நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரித்தால் சண்டை வரும்.

விழுப்புரத்தில் பஸ் நிற்கும்போது முடிச்சும் முடிந்தது. பேட்டை என் கையில் கொடுத்து, "அடிச்சிப் பாரு" என்றார். காற்றில் வீசிப் பார்த்தேன். கொஞ்சம் கனம். நரம்பைச் சுண்டினால் மற்ற பேட்டெல்லாம் டிங் என்னும். இது தொப் என்றது.

அரங்க வாசலில், "அப்ப நான் கெளம்பட்டா? கண்ணு சொருவுது" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "கெளம்புங்க. யாரு புடிச்சிக்கினு இருக்காங்க?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனேன். பின்னாலேயே வந்தார். "அஞ்சு நிமிசம் கட்டையச் சாச்சிட்டுப் போறேன்" என்று மாடியின் கடைசி வரிசையில் ஏறி, நீளமாகப் படுத்தார். நான் ஷூ லேஸ் கட்டி முடிப்பதற்குள் குறட்டை கேட்டது.

முதல் மேட்ச் ஆரம்பித்தது. தமிழ்ச்செல்வி அக்கா என் பேட்டைப் பார்த்துவிட்டு, "கலா, இது இன்னா, மாரியம்மன் கோயில் வேண்டுதலா?" என்று கேட்டார். ஆனால் ஒரு ஆச்சரியம் பாருங்கள். எதிரில் ஆடிய இரண்டு கல்லூரிப் பெண்களுக்கும் என் பேட் பிடிபடவே இல்லை. ஓங்கி அடித்தால் சத்தமே வருவதில்லை. தூரம் போகும் என்று பின்னால் ஓடுவார்கள், காக் நடுவிலேயே விழும். மெதுவாகத் தட்டினால் வலையைத் தாண்டி அப்படியே செத்து விழும். எனக்கே எங்கே விழும் என்று தெரியாது, அவர்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டு செட்டில் முடித்துவிட்டோம். ஜெயித்த கையோடு மேலே பார்த்தேன். உள்ளங்கால் இரண்டும் தெரிந்தன. இங்கே வந்தும் வராதவர். வீட்டிலேயே படுத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அரை இறுதியில் எதிரில் கிருஷ்ணவேணி. விழுப்புரத்துக்காரி, அடித்தால் இடி மாதிரி விழும். அவளும் அவள் ஜோடியும் முதல் மேட்ச்சைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள். கோர்ட்டுக்குள் வந்ததும் நேராக நடுவரிடம் போனாள்.

"சார், அவங்க பேட்ட கொஞ்சம் பாருங்க."

நடுவர் புகழேந்தி சார் நிதானமானவர். என் பேட்டை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். முடிச்சுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார்.

"இது யாரும்மா கட்டினது?"

"எங்க வீட்டுக்காரர், சார்."

"எந்தக் கடைல இருக்காரு?"

"கடல்ல சார்."

கோர்ட்டைச் சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவான் மேலே ஓடிப் போய், "அண்ணே, உங்க பேட்டு செல்லாதுன்றாங்க" என்று இவரை உலுக்கி எழுப்பிவிட்டான். சரவெடிக்கு எழாதவர், இதற்கு எழுந்தார். லுங்கி இல்லை, நல்லவேளை பேண்ட் போட்டிருந்தார். படிக்கட்டை இரண்டு இரண்டாகத் தாண்டி இறங்கி வந்தார்.

"இன்னா சார் செல்லாது?"

"முடிச்சு இருக்குங்களே."

"இருக்கும். ஒரு முடிச்ச அவுத்துக் காட்டுங்க, நான் மீசைய எடுத்துக்கறேன்."

"அவுராது, தெரியுது. முடிச்சு இருக்கறதே தப்புங்க. நரம்பு ஒன்னுக்கு மேல ஒன்னு பின்னிப் போவணும். மேல துருத்திக்கினு எதுவும் இருக்கக் கூடாது. அது ரூலு."

"ரூலு எழுதுனவன் வல பாத்திருக்கானா சார்? நான் நேத்து மத்தியானத்துலருந்து கட்டிக்கினு வர்றேன். சோறு தண்ணி இல்ல. பேஜாரு புடிச்ச வேல. ஜெயிச்சிருக்கு இல்ல? ஜெயிச்ச பேட்டு எப்படி சார் செல்லாம போவும்?"

புகழேந்தி சார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கிருஷ்ணவேணி இடுப்பில் கை வைத்து நின்றாள். எனக்கு ஒரு பக்கம் மானம் போகிறது, இன்னொரு பக்கம் அவருக்காகப் பேச வேண்டும்போல இருக்கிறது. நடுவர் சொல்வது நியாயம். இவர் கைகளில் நரம்பு அறுத்த கோடுகள் சிவந்திருக்கின்றன, அதுவும் நிஜம். நான் போய் அவர் முழங்கையைப் பிடித்தேன்.

"வுடுங்க. நான் அக்கா பேட்ல ஆடிக்கறேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வை! பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டேன் என்றது போல. பேட்டை நடுவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கோர்ட் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து, பேட்டை மடியில் போட்டு, கையைக் கட்டிக்கொண்டார்.

"ஆடு. அந்த பேட்டு அப்படி இன்னாத்த கிழிச்சிடுதுன்னு பாக்கறேன்" என்றார்.

அக்காவின் பேட் என் கையில் உலக்கை மாதிரி இருந்தது. முதல் செட் போயே போய்விட்டது. நடுநடுவே ஓரக்கண்ணால் பார்த்தேன். மனிதர் பேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த பேட்டை, அது போகும் இடமெல்லாம், சந்தேகத்தோடு.

இரண்டாவது செட்டில் கை பழகிவிட்டது. நான் வழக்கமாக ஆடுகிற ஆட்டத்துக்கு வந்தேன். எனக்குக் கிருஷ்ணவேணி போல அடிக்க வராது. பள்ளிக்கூட நாளிலிருந்து எல்லா கோச்சும் என்னைத் திட்டியது இதற்குத்தான். அடி, அடி, ஏன் தடவிக்கொண்டிருக்கிறாய் என்பார்கள். நான் தடவித்தான் ஆடுவேன். ஒரு பந்து பின்னால், ஒரு பந்து முன்னால், மறுபடி பின்னால். அக்கா முன்னால் நின்று அடைத்துக்கொள்வார். கிருஷ்ணவேணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அப்போது பெஞ்சைப் பார்த்தேன். கட்டியிருந்த கை அவிழ்ந்திருந்தது. அவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பார்த்தது பேட்டை இல்லை. என்னை.

எனக்கு அந்த நேரத்தில் ஸ்கோர் எத்தனை என்றே மறந்துவிட்டது. அக்கா, "கலா, சர்வீஸ் உன்னது" என்று இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த செட் எங்களுக்கு வந்தது. மூன்றாவது செட்டில் இழுபறி. திடீரென்று பெஞ்சிலிருந்து ஒரு குரல், "அங்க இல்ல, இந்தாண்ட! இந்தாண்ட வுடு!" புகழேந்தி சார் ஆட்டத்தை நிறுத்தி, "அய்யா, சும்மா இருங்க, இல்லன்னா வெளிய அனுப்பிடுவேன்" என்றார். இவர் வாயைப் பொத்திக்கொண்டார். நிஜமாகவே கையால் பொத்திக்கொண்டார். கடைசியில் சமமாக வந்து, நான் வலையோரம் மெதுவாகப் போட்ட ஒன்றைக் கிருஷ்ணவேணி எட்டி எடுத்து அடித்தாள். அடுத்ததையும் அவளே அடித்தாள். தோற்றுவிட்டோம்.

கை குலுக்கினோம். கிருஷ்ணவேணி, "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா, அந்த பேட்ல ஆடியிருந்தா நாங்க காலி" என்றாள். தமிழ்ச்செல்வி அக்கா என் தோளைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். நாங்கள் இருவரும் திண்டிவனம் பஸ் பிடித்தோம். இந்த முறை பக்கத்தில் பக்கத்தில் இடம் கிடைத்தது. அவர் தூங்கிவிடுவார் என்று நினைத்து நான் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

"நீ அடிக்கவே மாட்ற கலா" என்றார்.

வந்துவிட்டதா இவருக்கும்? "ஆமா, எனக்கு அடிக்க வராது. கொசு அடிக்கறவதான நானு?"

"இல்ல, கேளு. அந்தப் பொண்ணு அடிக்குது. நீ அடிக்கல. நீ அத்த இங்க இழு, அங்க இழுன்னு இழுத்துக்கினே போற. அது தானா போற மாரி நெனச்சிக்கினு போவுது. ரெண்டு பக்கமும் அடைச்சி ஒரு மூலைல கொண்டாந்து வுட்டுட்டு, அப்புறம் மெதுவா கைய நீட்ற. கரையில நின்னு கரவலை இழுக்கறப்ப எங்கப்பா இப்படித்தான் பண்ணுவாரு. அவசரமே பட மாட்டாரு. இத்த நீ எங்க கத்துக்கின?"

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருசத்தில், இத்தனை கோச், இத்தனை போட்டி, என் ஆட்டம் இன்னதென்று எனக்கு ஒருத்தரும் சொன்னதில்லை.

"ஆனா கடைசில ஒன்ன கெடுத்துட்ட" என்றார்.

"எத்த?"

"சமமா இருந்தப்ப வலையோரம் ஒன்னு போட்டியே. அதுக்கு முன்னாலயே அந்தப் பொண்ணு எடது கால முன்னால வெச்சிக்கினு தயாரா நின்னுச்சி. அது காலப் பாக்கலியா நீ? உங்க டீச்சரம்மாவும் அப்ப அந்தப் பக்கமே போயிட்டாங்க. உங்க கோர்ட்ல இந்தப் பக்கம் மொத்தமும் காலி. ஒரு கூடை கவுத்தி வெக்கலாம், அவ்ளோ எடம்."

"நான் போட்டது கரெக்ட்டுதான்! அவ எப்பவும் அந்தப் பக்கம் மெதுவாத்தான் வருவா."

"ரெண்டாவது ஆட்டத்துல மெதுவா வந்துச்சி. மூணாவதுல வர்ல. நாலு தடவ ஜல்தியா வந்துச்சி, நான் பாத்துக்கினுதான இருந்தேன்."

"நாலு தடவ எங்க வந்தா? ஒன்னே ஒன்னு!"

"நாலு! மொத ஒன்னு உங்க டீச்சரம்மா சர்வீஸ் போட்டப்ப..."

முன்சீட்டுக்காரர் திரும்பி, "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, குழந்த தூங்குது" என்றார். இவர் மெதுவான குரலில், ஒவ்வொன்றாக, யார் எங்கே நின்றார்கள், காக் எங்கிருந்து வந்தது, நான் எந்தக் காலில் நின்றேன் என்று முன்சீட்டின் முதுகில் விரலால் கோடு போட்டுக் காட்டிக்கொண்டு வந்தார். ஒன்றைக்கூட விடவில்லை. என் கண்ணில் தண்ணீர் முட்டி, துடைப்பதற்குள் வழிந்துவிட்டது.

அவர் பயந்துவிட்டார். "யேய் கலா, இன்னாத்துக்கு அழுவுற? சரி வுடு. நீ போட்டது கரெக்ட்டுதான். நான் ஒன்னும் சொல்லல, போதுமா?"

"போதாது" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "சொல்லுங்க. வேற எங்கெங்க தப்பு பண்ணேன்?"